முப்பத்து மூன்று அங்குலம்

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் ஒரு வெள்ளை நூல் கயிறு இறங்கிவிடும். மற்ற மாதங்களில் அது பரண்மேல் தகரப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். என் மனைவி அதை எடுத்து, ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச்சுவர் ஆணிக்குமாகப் பலமுறை இழுத்துக் கட்டி, ஈரத் துணிகளைப் போடுவாள். வெளியே பெங்களூரின் ஓயாத தூறல். உள்ளே புடவைகளின் ஊடே வடிந்து வரும் நீல வெளிச்சம், சோப்பு வாசனை. அதற்குள் உட்கார்ந்திருந்தால் எந்த வருடத்தில் இருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோகும். அந்தக் கயிறு முப்பத்து மூன்று கெஜம் இருக்க வேண்டியது. முப்பத்து மூன்று அங்குலம் குறைகிறது. அந்தக் குறைக்கு நான்தான் காரணம்.

துணி உலர்த்தும் இந்த அம்மாள் ஒரு காலத்தில் நீளம் தாண்டுவதில் நாட்டுக்காகக் கடல் கடந்து போனவள் என்றால் வீட்டுக்கு வருபவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நாடு விடுதலையான வருடம் அவளுக்குப் பத்து வயது. நீலசந்திராவில் அவர்கள் வீட்டு வாசலில் ஓடிய சாக்கடையை எல்லோரும் பலகை போட்டுக் கடந்தார்களாம். அவள் மட்டும் தாண்டினாளாம். அடுத்த வருடம் சாக்கடையை அகலப்படுத்தினார்கள். அதையும் தாண்டினாள். கன்னடப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி டீச்சர் அதைப் பார்த்துவிட்டு அவளை மணற்குழிக்கு அழைத்துப் போனார். அப்புறம் மாநிலம், அப்புறம் தேசம், ஒருமுறை கொழும்பு, ஒருமுறை ரங்கூன். பகலில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப் அடித்தாள். விடிந்ததும் அல்சூர்ப் பக்கத்து மைதானத்தில் மூடுபனிக்குள் ஓடினாள்.

நான் சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன். நிக்கர் தைக்கக் கெட்டியான வெள்ளைத் துணி வேண்டும் என்று ஒருநாள் வந்தாள். எல்லோரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன்: “நனைச்சுப் போட்டு அப்புறம் தைக்கக் குடுங்க. இல்லன்னா கெஜத்துக்கு ஒரு இன்ச் ஓடிப் போயிடும்.” இரண்டு வாரம் கழித்து வேலை மெனக்கெட்டு வந்து, “நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், சுருங்கவேயில்ல” என்றாள். அதைச் சொல்லவா ஒருத்தி பஸ் ஏறி வருவாள்? கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

நீளம் தாண்டுபவர்களுக்கு மணலைவிட முக்கியம், ஓடி வந்து மிதிக்கும் பலகை. கால்நுனி பலகையைக் கடந்துவிட்டால் சிவப்புக் கொடி காட்டுவார்கள், அந்தக் குதி செல்லாது. பலகைக்கு முன்னாலேயே மிதித்துவிட்டால் அத்தனை தூரம் வீண். அதனால் ஓட்டம் தொடங்கும் இடம் எந்த ஊரிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவள் அதற்கு ஒரு கயிறு வைத்திருந்தாள். அவள் அம்மாவின் துணிக்கொடி அது. பத்து வருட மழையும் வெயிலும் தின்று, பழுப்பேறி, நாலு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு முனையைப் பலகையில் வைத்து இழுத்து, மறுமுனை விழுந்த இடத்தில் கைக்குட்டையைப் போடுவாள். அங்கிருந்து ஓடினால் கண்ணை மூடிக்கொண்டுகூடப் பலகையை மிதிப்பாள். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் அந்தக் கொடிதான் போய் வந்தது.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் பெரிய போட்டி ஒன்றுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். குளிரும் மழையும் கலந்த தூரதேசம். அதில் மூன்றாவதாக வந்தாலும் பதக்கம் உண்டு. அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கோ அந்தப் பழுப்புக் கயிறு உறுத்தியது. நாலு தேசத்துக்காரர்கள் பார்க்கும் இடத்தில் என் மனைவி கந்தல் கொடியை விரிப்பதா? முதல்தரமான நூல் கயிறு வாங்கி, பழையதன் பக்கத்தில் இழுத்துப் பிடித்து, மயிரிழை பிசகாமல் வெட்டி, முனையில் சிவப்பு நூல் சுற்றிக் கொடுத்தேன். இங்கே பங்குனி வெயிலில் அதை வைத்துப் பழகினாள். ஒரு குதிகூடத் தப்பவில்லை. “புருஷன் குடுத்த கயிறு, இல்லையா?” என்று சிரித்தாள். தாலியைச் சொல்கிறாளா இதைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. அத்தனை பெருமை எனக்கு.

திரும்பி வந்தபோது ரயில் நிலையத்தில் அவள் முகமே சொல்லிவிட்டது. முதல் குதியில் சிவப்புக் கொடி, கடைசி அடிகளைக் குறுக்கியும் ஒரு சாண் தள்ளி மிதித்திருக்கிறாள். இரண்டாவதற்குத் தானாகப் பின்னால் தள்ளி நின்று ஓடினாள். பலகைக்கு ஓரடி முன்னாலேயே கால் எழும்பிவிட்டது. மூன்றாவதிலும் சிவப்புக் கொடி. மூன்றுதான் கொடுப்பார்கள். “மழைங்க, காலே வழுக்குது” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கயிறு எங்கே என்றேன். அங்கேயே விட்டுவிட்டேன் என்றாள். சனியன், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு பெரியவர் கடைக்குள் சட்டையோடு வந்து நின்றார். பட்டாளத்தில் இருந்தவர், குரல் தெருமுனைவரை கேட்கும். “என்னய்யா இது, எனக்கா, என் பேரனுக்கா? ஒரே ஒரு மழ, ஜாண் ஏறிப்போச்சு. நனைக்கணும்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?” சொல்லத்தான் மறந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன் அப்படியே துணிமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னவன், வீட்டில் ஒருத்திக்குச் சொல்லவில்லை. கண்ணெதிரே அந்த வெள்ளைக் கயிறு எங்கோ ஈரப் புல்லில் கிடந்து, மெல்ல மெல்லத் தன்னைக் குறுக்கிக்கொண்டிருந்தது.

கடையின் கெஜக்கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கயிற நிஜமாவே அங்க விட்டுட்டியா?” என்றேன். என் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பெட்டியின் அடியிலிருந்து கொண்டுவந்து போட்டாள். அளந்தேன். முப்பத்திரண்டு கெஜம், மூன்று அங்குலம். “அன்னிக்கு சாயந்திரமே பாதம் வச்சு அளந்து பாத்துட்டேன்” என்றாள். “பிளேன்ல வர்றப்ப உங்கள வெட்டிப் போடணும்னு இருந்துச்சு. ரயில் மாறிப் பெங்களூர் வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு. மூணு குதி போச்சு, புருஷனும் எதுக்குப் போகணும்? சாக்கு, விடுங்க” என்றாள்; கன்னடத்தில் ‘போதும்’ என்று அர்த்தம். நான் அழுதேன். அவள் அரிசியைப் புடைத்து முடித்தாள்.

ஒரு வாரம் கழித்து அவளே என்னை மைதானத்துக்கு அழைத்தாள். “ஒரே ஒரு தடவ. சரியான மார்க்ல ஓடினா எவ்வளவு வந்திருக்கும்னு பாத்துடலாம். வராதுன்னு தெரிஞ்சா மனசு அடங்கிடும்.” அம்மாவின் பழைய கொடியை விரித்தாள். பனியில் அவள் முழுதாய் மறைந்துபோனாள். காலடி ஓசை மட்டும் நெருங்கி வந்தது. பலகையில் ஒரு அறை. பிறகு சத்தமே இல்லை. அவள் காற்றில் இருந்த அந்த நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மணலில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டு, “எவ்வளவு?” என்றாள்.

அங்கே மூன்றாவதாக வந்த பெண் தாண்டிய தூரம் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். கெஜக்கோல் அதைவிட இரண்டு அங்குலம் அதிகம் காட்டியது. பதக்கம் அவளுடையதாக இருந்திருக்கும். “நாலு இன்ச் கம்மி” என்றேன். அவள் கொஞ்ச நேரம் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்ப கயிறு மேல தப்பில்ல. எனக்குத்தான் அவ்வளவு வரல” என்று சிரித்தாள். அன்றே ஸ்பைக் ஷூவைக் காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அடுத்த தேர்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவளை ஆறுதல்படுத்தத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என் தப்பின் விலை என்ன என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்று பயந்தேன். எல்லாவற்றையும் பாதம் வைத்து அளப்பவள், அன்றைக்கு மட்டும் அளக்கவில்லை. என் கோலை நம்பினாள்.

இதை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்குக் கன்னடம்தான் படிக்கத் தெரியும். தமிழ் பேச்சோடு சரி. இந்தக் காகிதம் மேசைமேல் கிடந்தாலும் அவளுக்கு வெறும் கோடுகள். கோழைக்கு இதைவிட வசதியான மொழி கிடைக்காது.

இப்போது தூறல் வலுத்துவிட்டது. மாடியிலிருந்து துணிகளை வாரிக்கொண்டு வந்து கூடத்துக் கயிற்றில் ஒவ்வொன்றாகப் போடுகிறாள். கயிறு நனைகிறது. இனி அது சுருங்கப்போவதில்லை. ஒரு புடவையை விலக்கி முகத்தை மட்டும் நீட்டி, “காலைலேந்து என்ன எழுதுறீங்க?” என்றாள். உன்னைப் பற்றித்தான் என்றேன். “என்னப் பத்தியா? அப்ப படிச்சுக் காட்டுங்க” என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். கால்களை முன்னால் நீட்டி, அன்றைக்கு மணலில் உட்கார்ந்தது போலவே காத்திருக்கிறாள். இந்த வரியை முடித்துவிட்டுப் படிக்கப்போகிறேன். இரண்டு அங்குலம் அதிகம் என்பதையும் சேர்த்து.