அந்த ஒரு வார்த்தைக்கு மேல் கறுப்பு மை

டக். எங்கள் வீட்டுத் தபால்பெட்டியின் தகர மூடி திறந்து மூடுகிற சத்தம். இருட்டின பிறகு ஆஸ்திரேலியாவின் இந்தக் கிரான்பர்னில் எந்தத் தபால்காரரும் வருவதில்லை.

அடுத்தவர் வீட்டில் செத்துப்போன முன்னோர்களைத் தேடிக் கொடுப்பது என் தொழில். செத்தவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. வருவதெல்லாம் உயிரோடு இருக்கிற பேரன் பேத்திகளிடமிருந்துதான். அதிலும் என் பங்குக்கு வந்து சேர்கிறவை பெரும்பாலும் ரோமானி விசாரணைகள். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் வட இந்தியாவிலிருந்து கிளம்பி, இங்கிலாந்து வரைக்கும் போய், வண்டியிலும் கூடாரத்திலும் வாழ்ந்த ஜனங்கள் ரோமானிகள். எங்கள் கொள்ளுப்பாட்டி அவர்களில் ஒருத்தியா என்று கேட்டு வருகிற ஆஸ்திரேலியர்கள் நிறைய. ஊர் ஊராய்ப் போனவர்களுக்கு ஒழுங்கான பதிவேடு ஏது? இங்கே ஒரு ஞானஸ்நானம், அங்கே ஒரு தொழில் என்று பொறுக்கிப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட். பதினோரு மாத மகள் தூங்கின பிறகுதான் எனக்கு வேலையே ஆரம்பம். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரத்தில் வாசல் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் கண் முதலில் எங்கே ஓடும் என்று. இன்றோடு மூன்றாவது ராத்திரி. முதல் இரண்டு நாளும் காலையில் பெட்டியைத் திறந்தால், நான் எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்தே ஒரு பக்கம். 'ரோமானி' என்று வருகிற இடமெல்லாம் தடித்த கறுப்பு மை. கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை. அந்த வார்த்தையை எடுத்துவிடு என்று போனில் கேட்டாரே, நான் மாட்டேன் என்றேனே, அந்த மனிதர்தான். எடுத்தால் என் வேலை பொய். எடுக்காவிட்டால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. பயத்தை மறக்கப் பழைய சங்கதிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முன்கையில் சக்கரம்

கிளேட்டன் என்ற புறநகரிலிருந்து ஒரு அம்மாள் கேட்டு எழுதினார். குடும்பப் பெயர் ஸ்மித். ரோமானிக் குடும்பங்களில் அந்தப் பெயர் உண்டு என்று எங்கேயோ படித்துவிட்டார். எங்கள் வேலையில் எல்லோரும் செய்கிற முதல் தப்பு இதுதான்: பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது. ரோமானிகளில் ஸ்மித் உண்டு, சரி. ஸ்மித்துகளில் ரோமானி எத்தனை பேர்?

தேடினேன். ஐந்து தலைமுறை, ஒரே கிராமம், ஒரே சர்ச்சு. அப்பன் மணியடித்தால் அப்புறம் மகன் மணியடித்திருக்கிறான். ஒருத்தராவது அந்தக் கிராமத்தை விட்டு வெளியே படுத்ததாகத் தெரியவில்லை. வீடியோவில் மெதுவாகத்தான் சொன்னேன். யாரோ இறந்த சேதி கேட்ட மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் முன்கையைக் காமிராவுக்கு நேராகத் தூக்கினார். புத்தம் புதிதாய்ப் பச்சை குத்தின, ரோமானிக் கொடியில் இருக்கிற வண்டிச்சக்கரம், இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"இதை இப்ப எப்படி அழிக்கிறது?"

மேரி

ஓய்வுபெற்ற ஒரு பிளம்பர். டிஎன்ஏ சோதனையில் கொஞ்சம் தெற்காசியா என்று வந்திருந்தது. ரோமானி ரத்தம் இருந்தாலும் அப்படிக் காட்டும். என் இந்திய முகத்தைத் திரையில் பார்த்ததும் "ஹலோ, கசின்!" என்றார். நானும் சிரித்தேன்.

தேடினால் ரோமானியே இல்லை. மதராஸ் பட்டாளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர், அவன் படைப்பிரிவு, பதவி எல்லாம் அழகாக இருக்கிறது. தாய் என்ற இடத்தில் 'உள்ளூர்ப் பெண்' என்று மட்டும். நாலு பிள்ளைக்கும் அப்படியே. கடைசியில் ஒருநாள் கல்யாணப் பதிவில் 'மேரி' ஆகிறாள். அதற்கு முன் அவள் யாரோ, செல்லம்மாவோ, காத்தாயியோ. கசின் என்பது இப்போது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அவர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாய் எண்ணினார்.

"நாலு பிள்ளை பெத்திருக்கா. அவளோட நிஜப் பேரை ஒருத்தனும் கேட்கலையா?"

கேட்டை மூடுங்கள்

நான் எழுதுகிற அறிக்கையைச் சரிபார்ப்பவள் சுகந்தி. சிட்னியில் டூங்கபியில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி, பைத்தியத்தை விசர் என்பாள், சாவியைத் திறப்பு என்பாள். என் வயதுதான். இப்போது கறுப்பு மை பூசுகிறாரே, கிரஹாம் என்ற அந்தப் பெரியவர், அவருடைய அறிக்கையில் நான் 'குற்றப் பின்னணி உள்ள குடும்பம்' என்று எழுதியிருந்தேன். சுகந்தி போன் பண்ணினாள். "என்ன குற்றம் செய்தவை எண்டு ஒருக்காச் சொல்லும்."

"ரோட்டோரத்தில கூடாரம் போட்டதுக்கு அபராதம். மூணு தடவை" என்றேன். சொல்லும்போதே எனக்கே அது குற்றமாகத் தோன்றவில்லை. நான் படித்தது கன்னியாஸ்திரீகளின் பள்ளியில். மதிலுக்கு வெளியே நரிக்குறவர்கள் வந்து தங்கினால், சிஸ்டர் மணியடித்து கேட்டைப் பூட்டச் சொல்வார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று எங்களுக்குள் கதை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைகூடக் காணாமல் போகவில்லை. ஆனாலும் 'குற்றம்' என்ற வார்த்தையை என் விரல் தானாகவே தட்டியிருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் அழித்துவிட நினைத்தேன். சுகந்தி விடவில்லை.

"நாங்களும் முகாமில ஒன்பது மாசம் கூடாரத்துக்குள்ள இருந்தனாங்கள். அப்ப என்ர பேரையும் அதில எழுதிவிடும்."

பெயரும் விலாசமும்

கிரஹாம் தன் பேத்திக்குக் கொடுப்பதற்காகத்தான் வம்ச வரலாறு கேட்டார். நல்ல விவசாயக் குடும்பம் என்று எதிர்பார்த்திருப்பார் போல. கிடைத்ததோ இது: கொள்ளுப்பாட்டி ஒரு சந்தில், கூடாரத்தில் பிறந்திருக்கிறாள். அவள் தகப்பன் ஓரிடத்தில் தகர வேலைக்காரன், இன்னோரிடத்தில் கூடை முடைகிறவன். கூடப்பிறந்த ஏழு பேருக்கும் ஏழு ஊரில் ஞானஸ்நானம். ஒன்று மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். எல்லாம் சேர்ந்து வந்ததால் 'ரோமானி வம்சமாக இருக்க வலுவான சாத்தியம்' என்று எழுதினேன்.

முதல் பக்கம் வந்த காலையில் சுகந்தியைக் கூப்பிட்டு அழுதேன். உம்முடைய வீடு அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பள்ளியில் எதை எழுதினாலும் அடியில் முழுப் பெயரும் விலாசமும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பேப்பர் திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில் இரண்டு வருஷமாய் எல்லா அறிக்கையின் கடைசியிலும் வீட்டு எண்ணோடு போட்டு வந்திருக்கிறேன். சுகந்தி சரிபார்க்கிற பிரதியில் அது இருக்காது, அனுப்பும்போதுதான் சேர்ப்பேன். சொன்னதும் கத்தினாள்.

"வீட்டு நம்பரோடயோ? உமக்கு விசரே! வாசல் கதவுத் திறப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே!"

கம்பிவலைக்கு அந்தப் பக்கம்

இதுவரை எழுதினபோது கதவு தட்டப்பட்டது. இரண்டாம் முறை தட்டியதில் மகள் விழித்து அலற ஆரம்பித்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் விளக்கைப் போட்டேன். மரக்கதவை ஒரு சாண் திறந்தேன். கம்பிவலைக் கதவுக்கு வெளியே, வீடியோவில் பார்த்த அதே முகம், கிரஹாம். கையில் ஒரு பக்கம்.

"போலீசைக் கூப்பிடுவேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

குழந்தையைப் பார்த்ததும் அவர் சட்டென்று இரண்டடி பின்னால் போனார். "ஐயோ. குழந்தை இருக்குன்னு தெரியாது. மூணு நாளா வர்றேன். தட்டத் தைரியம் வராம பெட்டியில போட்டுட்டுப் போயிடுவேன். இன்னைக்குக் கார்ல ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு, போட்டதைத் திரும்ப எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க."

மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். "முடியாது. சாத்தியம்னுதான் எழுதியிருக்கேன். அதுக்கும் குறைச்சு எழுதினா பொய்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. காகிதத்தை இரு கையாலும் மடிக்கப் பார்த்தார். இடது கை முழங்கையில் முழுசாய் நிமிரவில்லை, கோணலாகவே நின்றது.

"எனக்கு எட்டு வயசு. ஆத்தங்கரையில பழம் பறிக்க வந்த ரோமானிப் பசங்களோட விளையாடினேன்னு எங்கப்பா இந்தக் கையை உடைச்சார். நாங்களே அவங்கதான்னா, நான் எதுக்கு அடி வாங்கினேன்?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. கார் கிளம்பித் தெரு திரும்புகிற வரைக்கும் கம்பிவலைக்குள்ளிருந்தே பார்த்தேன்.

செத்தவர்களுக்கெல்லாம் ஊரும் உறவும் கண்டுபிடித்துக் கொடுக்கிற நான், உயிரோடு வாசலில் நின்ற ஒருவரை உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.