சாமி தொட்ட நுயி

நுயியின் கழுத்தில் சாமியின் கை விழுந்தபோது அவள் இடுப்பில் பால்குடி மறவாத பெண் குழந்தை இருந்தது.

மிமசாக்கா மலைக்குள் ஒடுங்கிக் கிடந்த ஊர் அது. புத்தர் கோயில் வளாகத்துக்குள்ளேயே கோஹோ சாமிக்கும் ஒரு சின்னக் கோயில். ஆதியில் அந்த மலையை ஆண்ட சாமி. பிற்பாடு புத்தருக்குக் காவல் நிற்க ஒப்புக்கொண்டது. கோடையில், முன்னோருக்கு விளக்கேற்றும் நாட்களில், பிக்குகள் சங்கூதி மேளம் கொட்டி அதை ஒரு மனிதன் மேல் இறக்குவார்கள். இறங்கியதும் அவன் முற்றமெங்கும் பாய்ந்து ஓடுவான். அவன் கையில் அகப்பட்டவர் மூன்று வருஷத்துக்குள் செத்துப்போவார். தீட்டுப்பட்டவரைத்தான் சாமி பிடிக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

புதிய அரசாங்கம் வந்ததும் புத்தர் வேறு, சாமி வேறு என்று உத்தரவு போட்டது. அதிகாரிகள் வந்து சாமி வாசலின் மரத்தூண்களைப் பிடுங்கிப் போட்டார்கள். திருவிழா நின்றது. நாலைந்து வருஷம் கழித்து, கெடுபிடி கொஞ்சம் தளர்ந்ததும், ஊர்த்தலைவர் சுகேஎமோன் துணிந்து விழாவை மறுபடி எடுத்தார். சாமிக்கு இன்னும் சக்தி இருக்கிறதா என்று பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களும் திரண்டன.

அந்த வருஷம் சாமி இறங்கியது கரிமூட்டம் போடும் உஹேய் மேல். சூதுவாது தெரியாத ஆள். விளையாட்டாகச் சீண்டினால்தான் சாமிக்கு வேகம் வரும் என்று இளவட்டங்கள் கூவின. நுயியின் புருஷன் யசோகிச்சியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"என்ன சாமி, காலு வலிக்குதா? இங்க வாயேன் பார்ப்போம்!"

உஹேய் திரும்பினான். கண்ணில் வெள்ளை மட்டுமே தெரிந்தது. நேராக யசோகிச்சியை நோக்கி வந்தான். யசோகிச்சி ஓடவில்லை. பக்கத்தில் நின்ற மனைவியின் இரு தோளையும் பிடித்துத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டான்.

மேளம் நின்றது. கூட்டம் அவளைச் சுற்றி வட்டமாக விலகியது. "அவ மேல என்ன தீட்டோ?" என்று எவளோ சொன்னாள். வீடு போய்ச் சேருவதற்குள் அந்தத் தீட்டுக்கு இரண்டு மூன்று ஆண்பிள்ளைகளின் பெயரும் வைத்தாகிவிட்டது.

மறுநாளே மாமியார் ஒத்தோசே குழந்தையைப் பறித்துக்கொண்டாள். "சாவு ஒட்டின பாலு. எம் பேத்திக்கு வேணாம்." குழந்தை கியோ, வீட்டோடு வந்திருந்த யசோகிச்சியின் உறவுக்காரியான விதவை த்சுயாவின் மடிக்குப் போனது. பால் கட்டி நுயி துடித்தாள். அடுத்த அறையில் குழந்தை அழுது அழுது ஓய்ந்தது.

வருஷப் பிறப்புக்கு எல்லோருக்கும் துணி தைத்தார்கள். "போறவளுக்குப் புதுத்துணி எதுக்கு?" என்றாள் மாமியார். நுயியின் கலயத்தில் அரிசி குறைந்து முள்ளங்கி இலை கூடியது. த்சுயாவை இரண்டாந்தாரமாக எடுக்கும் பேச்சு நுயி பரிமாறும்போதே நடந்தது. "ஏண்டி, நீ போனப்புறம் இவ படுக்க அந்த மூலை போதுமா?" என்று அவளிடமே கேட்டார்கள். பிக்குவிடம் சொல்லி, செத்தவர்க்கு வைக்கும் பெயரை அவளுக்கு இப்போதே வாங்கிப் பலகையில் பொறித்து, வீட்டுப் புத்தர் மாடத்தில் வைத்துவிட்டார்கள். தினமும் அதற்கும் சேர்த்து ஊதுபத்தி ஏற்றினாள் நுயி.

மூன்றாம் வருஷப் பனியில் அவளுக்குக் கடுங்காய்ச்சல். மாமியார் முகம் மலர்ந்தது. தன் கையாலேயே வெள்ளரிசிக் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். ஊரார் வந்து பார்த்துப் போனார்கள். காய்ச்சல் இறங்கியது. கஞ்சியும் நின்றது.

வசந்தத்தில் சுகேஎமோன் வந்து உட்கார்ந்தார். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதே நுயி. பொழைச்சுக் கெடந்தீன்னா சாமி பொய்யாயிடும். அதிகாரிங்க சிரிப்பாங்க. திரும்ப எல்லாத்தையும் இடிக்க வருவாங்க. அணைக்கட்டுல தண்ணி ஆழமாத்தான் இருக்கு."

"ஆழம்னு தெரியும்ங்க," என்றாள் அவள். "நீங்க குளிச்சிட்டு வாங்க."

அந்தக் கோடையும் விழாவும் கடந்தன. நுயி சாகவில்லை. கூடத்தில் போய் நின்றாள்.

"அத்தே, கெடு முடிஞ்சிடுச்சு. எம் புள்ளையக் குடுங்க."

"செத்தவளுக்கு ஏதுடி புள்ள? பலகையில பேரு ஏறிடுச்சு."

நுயி புருஷன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு என்னை முன்னால தள்ளினது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

யசோகிச்சி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சாமி."

கியோ த்சுயாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, பேயி பேயி" என்று அழுதாள். நுயி மாடத்திலிருந்த பலகையை எடுத்து அடுப்பில் திணித்தாள். அது எரிந்து முடியும்வரை நின்றுவிட்டு வெளியேறினாள்.

வேலை கொடுத்தவன் உஹேய் மட்டும்தான். "எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல தாயி. முழிச்சப்ப கால் நகம் பேந்து கெடந்துச்சு, அவ்ளோதான்," என்றான். அவனுடைய பொதிக்குதிரையில் த்சுயாமா நகரத்துக்குக் கரி கொண்டுபோனாள். எதிரே வருபவர்கள் அவளைக் கண்டால் பாதையை விட்டு வரப்பில் இறங்கினார்கள். அடுத்தடுத்த விழாக்களில் கூட்டம் மெலிந்தது. அந்தப் பழியையும் அவள் தலையிலேயே போட்டார்கள்.

ஆறேழு வருஷம் கழித்து ஒத்தோசே பக்கவாதத்தில் விழுந்தாள். பீ மூத்திரம் அள்ளச் சலித்து த்சுயா பிறந்த வீட்டுக்கு ஓடிவிட்டாள். யசோகிச்சி கரிக்குடிசைக்கு வந்தான்.

"வீட்டுக்கு வா நுயி. ஆத்தா நாறிக் கெடக்குது."

"செத்தவ எப்படிங்க பீ அள்ளுவா?" என்று கேட்டுவிட்டு அவள் மூட்டைக்கு வாய் கட்டினாள். ஒத்தோசே முதுகெல்லாம் புண்ணாகி அந்த மழைக்காலத்தில் போனாள். சேதி வந்தபோது நுயி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

கியோவுக்குப் பதினெட்டாம் வயதில் கல்யாணம். பெண் ஊர்வலம் த்சுயாமா பாதையில் வருமென்று உஹேய் சொல்லியிருந்தான். நுயி முகம் கழுவி, குதிரையை ஓரம் கட்டி, பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றாள். அக்கரையில் வெள்ளை உடுப்பில் பெண் தெரிந்தாள். நெற்றி அப்படியே நுயியினுடையது. முன்னால் வந்த யசோகிச்சி நுயியைக் கண்டதும் கையைத் தூக்கினான். ஊர்வலம் நின்றது. பெண்ணே ஏதோ சொன்னாள். எல்லோரும் பாலத்தை விட்டுவிட்டு, கீழே இறங்கி, ஆற்றில் இறங்கினார்கள். வெள்ளை உடுப்பின் விளிம்பு சேற்றில் நனைந்தது.

நுயி குதிரையை அவிழ்த்தாள். கரிக்கடை மூடுவதற்குள் நகரம் போய்ச் சேர வேண்டியிருந்தது.