மேல்சபை கொடுத்த வெளிச்சம்

பர்மாவில், க்யிம்யிண்டைங் என்ற ஊர்ப்பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. அந்த ஒரு மண்டபத்தை ஆள இரண்டு சபைகள். நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவது கீழ்ச்சபை. மேல்சபைக்கு எங்கள் ஓட்டு தேவையில்லை. சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது, சென்னையில் அப்போது இருந்த மேலவையைப் பார்த்து மயங்கிப்போய், அதே மாதிரி ஒன்றை இங்கேயும் உண்டாக்கிவிட்டார். பட்டதாரிகளுக்குச் சில இடங்கள், ஆசிரியர்களுக்குச் சில இடங்கள், மற்றவர்களை நியமிப்பார்கள். அதைக் கலைக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்குப் பேர் ஓய்வு பெறுவார்கள். உடனே மாலையோடு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவார்கள். சென்னையில் அந்த மேலவையையே எப்போதோ ஒழித்துவிட்டார்கள். நாங்கள்தான் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

நான் கீழ்ச்சபை உறுப்பினர். என் மகளுக்கு அந்த மார்ச்சில் பள்ளி இறுதித் தேர்வு. எங்கள் தெருவில் சாயங்காலம் கரண்டு இருந்தால் அதுவே அதிசயம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துப் படித்துக் கண் சிவந்து, தலைவலி என்று படுத்துவிடுவாள். மண்டபத்திலோ நல்ல ஜெனரேட்டர் இருந்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் ஓடும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக மாலையில் அதை ஓட்டலாம் என்று டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்தேன். கீழ்ச்சபையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

பிறகு அது மேலே போனது. எங்கள் தீர்மானத்தை மேல்சபையால் கொல்ல முடியாது, மூன்று மாதம் கிடப்பில் போட முடியும். பணத் தீர்மானமாக இருந்தால் மட்டும் பதினான்கு நாளில் அனுப்பிவிட வேண்டும். டீசல் வாங்கப் பணம்தானே வேண்டும் என்று கேட்டேன். எது பணத் தீர்மானம் என்பதைச் சென்னையில் கீழ்ச்சபையின் சபாநாயகர் சொல்வார். எல்லாவற்றையும் அப்படியே காப்பியடித்த எங்கள் ஆட்கள், இந்த ஒன்றை மட்டும் மாற்றி மேல்சபைத் தலைவர் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இது மண்டபத்தின் மரியாதை பற்றிய விஷயம், பண விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அவர் வீட்டுக்கே போனேன். வாத்தியாராக இருந்தவர் என்பதால் பர்மிய வழக்கப்படி எல்லோருக்கும் அவர் சயா. அவர் தலைக்கு மேல் பேட்டரியில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

“எதையும் ஆறப்போட்டுப் பாக்கணும்மா. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்,” என்றார்.

“பரீட்சைய யாரு ஆறப்போடுவா, சயா?”

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று மாதமும் முழுசாக ஆறப்போட்டார்கள். பிள்ளைகள் செருப்பை எங்கே விடுவார்கள் என்று ஒரு கூட்டம். மாதா கோயில் பிள்ளைகளும் வரலாமா என்று இன்னொரு கூட்டம். இதற்கிடையில் மகள் வெளிச்சத்துக்காக டீக்கடையில் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து மேசை ஆண்கள் பார்த்த பார்வையில் எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. மெழுகுவர்த்திதான். கணக்குப் பரீட்சை முடிந்து வந்த அன்று கேள்வித்தாளை என் மடியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

தேர்வு முடிந்த அடுத்த வாரம், ஒரு வார்த்தைகூட மாற்றாமல் மேல்சபை தீர்மானத்தை ஏற்றது. ஒரு வார்த்தையும் மாற்றுவதற்கு இல்லை என்றால், மூன்று மாதமாக எதைத்தான் கிழித்தார்கள்? அதற்கு ஒரு விழா வேறு. ஜெனரேட்டருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். தீர்மானம் கொண்டுவந்தவரின் மகள் என்று, சுவிட்சைப் போட இவளைக் கூப்பிட்டார் சயா. போட்டாள். காலி பெஞ்சுகளுக்கு மேல் டியூப்லைட்டுகள் எரிந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

“பரீட்சை போன வாரமே முடிஞ்சிருச்சு, சயா. டீசல் வீணாப் போகுது,” என்று சொல்லிவிட்டு அவளே அணைத்தாள்.