குண்டனைக் காய்ச்சல் அண்டாது

பட்டினி கிடந்தவன் ஒல்லியாகத்தான் இருப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பல நாள் பட்டினி கிடந்திருக்கிறேன். ஒல்லியாக ஒரு நாளும் இருந்ததில்லை. எங்கள் குடும்பத்து ஆண்களின் வாகு அப்படி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும் கொஞ்ச நாளில் வீட்டையும் விட்டுக் கிளம்பியவன், போன இடமெல்லாம் இந்த உடம்பையும் சுமந்துகொண்டுதான் போனேன்.

குண்டாக இருப்பவன் ஊர் சுற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. பசிக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். திருப்பத்தூர் சந்தையில் ஒரு வெங்காய வியாபாரியிடம் வேலையும் ஒரு வேளைச் சோறும் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாந்தேன் உன்கிட்ட கேக்கணும் போல இருக்கு" என்றார். பிள்ளையார்பட்டியில் தேங்காய்க் கடையில் நின்ற நாட்களில், கோயிலுக்கு வந்த குழந்தைகள் என்னைப் பார்த்தே தோப்புக்கரணம் போட்டார்கள். அதற்கெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது. நானும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிடுவேன்.

இந்த உடம்பைப் பார்த்தே வேலை கொடுத்தவர் ஒருவர்தான். அறுபதுகளின் கடைசியில் காரைக்குடி செக்காலைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். அவர் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். அவரே வாசலில் நின்று கூப்பிட்டால், வருகிறவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்களாம்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா. வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடு, போதும். இந்தக் கடைச் சோத்தைத் தின்னுதான் இப்பிடி ஆயிருக்கான்னு நினைச்சுக்கிருவாக" என்றார். அவர் அதைச் சொன்னபோது நான் சாப்பிட்டு ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

கடையின் பின்கட்டில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்தோம். முதலாளி, சமையல்காரர், பரிமாறுகிற இரண்டு பேர், மசாலா அரைக்கிற ஒரு அக்கா, நான். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விறகுக் குச்சி போன்ற கைகளால் ஒரு பெரிய கடைக்கு வேண்டிய மிளகாயையும் மல்லியையும் அரைத்துத் தள்ளுவார். அரைக்கும்போது வாயும் சும்மா இருக்காது. நான் குறுக்கே போனால், "யாருப்பா அது, பட்டப்பகல்ல இருட்டுக் கட்டுது?" என்பார்.

அந்த வருஷம் ஃப்ளூ காய்ச்சல் ஊர் ஊராக வந்தது. முதலில் சாப்பிட வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு சமையல்காரர் படுத்தார். அவருக்குப் பின்னால் பரிமாறுகிறவர்கள், முதலாளி, அக்கா என்று வரிசையாகப் படுத்தார்கள். கடையைச் சாத்தினோம். நான் ஒருவன்தான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

"இது ஒல்லிப் பயலுகளைத்தேன் பிடிக்கும்" என்று முதலாளி கம்பளிக்குள்ளிருந்து சொன்னார். "உனக்கென்ன, மேல மெத்தையே வச்சுத் தைச்சிருக்கு. குண்டனைக் காய்ச்சல் அண்டாது. எங்களை நீதேன் பாத்துக்கிறணும்."

நான் அதை நம்பினேன். சந்தோஷமாகவே நம்பினேன் என்று சொல்ல வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக என் உடம்பு ஒரு நல்ல காரியத்துக்கு ஆகிறது என்று தோன்றியது. ஒவ்வொருவரையும் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தேன். வாந்தி எடுத்ததை அள்ளினேன். கொல்லைப்புறத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். அவர்கள் என் முகத்துக்கு நேராக இருமினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. நாலைந்து நாளில் ஒவ்வொருவராக எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள்.

கடைசி ஆள் எழுந்த அன்று நான் படுத்தேன்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்னையப் பிடிக்கக் காச்ச எல்லாத்துக்கும் முன்னாடியே கிளம்பியிருக்கும். உன்னையச் சுத்தி முடிச்சு உள்ள வாரதுக்குள்ள அதுக்கு இத்தனை நாளாயிருச்சு" என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததும் இருமல் வந்தது.

சமையல்காரர் வைத்தியமும் கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியிருந்தார். ஒல்லியானவனுக்குக் கஞ்சி, பருத்தவனுக்குப் பட்டினி என்பது அவர் கணக்கு. "உனக்கு ஒரு மாசத்துக்கு உள்ளயே இருக்குப்பா. காச்ச அதைத் தின்னுட்டுப் போயிரும். நீ எதையும் உள்ள போட்டு அதுக்குத் தீனி குடுத்துறாத" என்றார். அதனால் எனக்கு வெந்நீர் மட்டும். மூன்று கம்பளிகளைப் போட்டு, தலையணையை உருவிவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். வேர்த்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பட்டினி எனக்குப் பழக்கம்தானே.

மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்த மாதிரி இருந்தது. சமையல்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சொன்னேன்ல?" என்றார். அடுத்த நாள் காலையில் மூச்சு போதவில்லை.

வலி என்று ஒன்றும் இல்லை. இழுத்த மூச்சு பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். மறுபடி இழுத்தால் அதைவிடக் குறைவாக வந்தது. என் வயிறே மேலே ஏறி நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. எழுந்து உட்காரப் பார்த்தேன். சமையல்காரர் தோளைப் பிடித்து அமுக்கி, "அசையாமப் படு, எந்திரிச்சா வேர்வை அடங்கிரும்" என்றார். அவரிடம் சொல்வதற்கு ஒரு சொல்லுக்கு வேண்டிய மூச்சு என்னிடம் இல்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் செத்துப்போவேன் என்று.

அக்கா வெந்நீர்ச் செம்போடு வந்தார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இதென்னய்யா, இவன் உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு?"

"வேர்வை வாரப்ப அப்பிடித்தேன் ஆகும்" என்றார் சமையல்காரர்.

"எனக்கு வேர்த்தப்ப இப்பிடி ஆச்சா? ஒமக்கு ஆச்சா? அங்குட்டுத் தள்ளும்." செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

எதிரே அரிசி மண்டி இருந்தது. மூட்டை தூக்குகிற நான்கு பேரைக் கையோடு கூட்டிவந்தார். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கி ஓடுகிற ஆட்கள். என்னைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"மூட்டைன்னா பிடிக்க ஒரு மூலை இருக்கும். இவுகளை எங்குட்டுப் பிடிக்கிறது?" என்றார் ஒருவர்.

"மூட்டைன்னு நினைச்சுக் கொக்கியப் போட்டுறாதப்பா" என்றார் இன்னொருவர்.

நாலு சாக்கை ஒன்றாகச் சேர்த்து எனக்கு அடியில் கொடுத்து, மூலைக்கு ஒருவராகத் தூக்கி, மண்டிக் கைவண்டியில் ஏற்றினார்கள். படுக்கவைக்கத்தான் பார்த்தார்கள். வண்டிப் பலகை நீளம் பத்தவில்லை. காலை மடக்கினால் வயிறு இடித்தது, நீட்டினால் தலை வெளியே தொங்கியது. கடைசியில் சலித்துப்போய், இரண்டு தவிட்டு மூட்டைகளை முட்டுக்கொடுத்து என்னை அதில் சாய்த்து உட்காரவைத்துவிட்டார்கள்.

வண்டி செக்காலை ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனது. நல்ல வெயில். கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எவனோ ஒருவன், "ஊர்வலமா?" என்று கேட்டான். அக்கா கூடவே நடந்துகொண்டு, "ஆமா, ஒங்க மாமனாரு. வந்து விழுந்து கும்புடு" என்றார். மூச்சு முன்பைவிடக் கொஞ்சம் உள்ளே போவது எனக்குத் தெரிந்தது. வெளிக்காற்றுப் பட்டதால் என்று நினைத்துக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் வண்டிக்கே வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "இவரை இப்படி உட்காரவச்சுக் கொண்டுவரச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

மூட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வண்டி பத்தலைங்க" என்றார் ஒருவர், தப்பை ஒப்புக்கொள்வது போல.

"படுக்கவச்சிருந்தா பாதி வழியிலயே முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர்.

இரும்பு உருளையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் என் மூக்குக்கு வந்தது. ஊசிகள் போட்டார்கள். கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது. இந்தக் காய்ச்சல் என் போன்றவர்களுக்கு வராது என்றார்களே என்று டாக்டரிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் வரும். வந்தா உங்களுக்குத்தான் அதிகக் கஷ்டம்" என்றார் அவர். "இந்த வாரம் மூச்சு முட்டி வந்தவங்கள்ல வயசானவங்க உண்டு, பிள்ளைத்தாச்சி உண்டு, மிச்சம் உங்களை மாதிரிப் பருத்தவங்க. சும்மா இருக்கும்போதே உங்க நெஞ்சு அத்தனை பாரத்தையும் தள்ளித்தான் மூச்சு விடுது. ஃப்ளூவுக்கு ஊசி கிடையாது. அது கதவைத் திறந்துவிட்ட பிறகு நுரையீரல்ல வந்து உட்கார்ந்த சளிக்குத்தான் இந்த ஊசி. ஃப்ளூவை உங்க உடம்புதான் விரட்டணும். அதைப் போய்ப் பட்டினி போட்டிருக்கீங்க."

பருத்த உடம்பு என்பது சேர்த்துவைத்த பலம் என்றுதான் அதுவரை நானும் நம்பியிருந்தேன். என்னைத் தவிர யாருக்கும் அதில் நஷ்டம் வரவில்லை என்பதில் ஒரு ஆறுதல்.

அக்கா தினமும் நண்பகலில் தூக்குவாளியில் கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுவந்தார். எனக்குப் பேச்சு வந்த அன்று, நான் ஒரு செம்புக் கஞ்சியையும் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாலு நா பட்டினியா கிடந்தியே. பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீகளாக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்" என்றார். பிறகு வாளியில் மிச்சமிருந்ததையும் ஊற்றினார்.

எட்டு நாள் நான் உட்கார்ந்தே தூங்கினேன். கண்ணயர்ந்து உடம்பு சரிந்தால் பயந்து விழித்துக்கொள்வேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் டாக்டர் வந்து நெஞ்சையும் முதுகையும் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தலையணையாகத் தானே உருவினார்.

"படுத்துப் பாருங்க."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தேன். முதுகு படுக்கையில் முழுதாகப் பட்டது. மூச்சை இழுத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது, அடிவரை போனது, திரும்பி வந்தது. இன்னொன்று இழுத்தேன். அதுவும் போய் வந்தது. டாக்டர் ஏதோ கேட்டார். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டேன்.