வானொலி சொல்லாத ஒரு வரி

1977 செப்டம்பரில் நான் எழுதிய நாட்குறிப்பில் ஒரு வரி மட்டும் பென்சிலில் இருக்கிறது: ‘மாலைச் செய்தி. தமிழ் இளைஞர்கள் இனியும் சும்மா இருக்கலாமா என்று கேட்டார்கள்.’ மற்றதெல்லாம் பேனா மை.

தூத்துக்குடிக் கடற்கரையில், கரையேற்றிய பழைய வள்ளம் ஒன்றின் நிழலில் நாங்கள் ஐந்து நண்பர்கள் தினமும் இலங்கை வானொலி கேட்போம். பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் வந்து வந்தே பருத்தித்துறையும் சாவகச்சேரியும் எங்களுக்கு எங்கள் ஊர் மில்லர்புரத்துக்குப் பக்கத்துத் தெரு மாதிரி ஆகியிருந்தன. அந்த ஆகஸ்டில் அங்கே கலவரம் என்று தெரிந்ததும், பாட்டுக் கேட்டு எழுதிப்போட்டவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தவித்தோம். அக்கரையில் தனிநாடு கேட்கும் இளைஞர்களோடு போய்ச் சேரும் பேச்சு பிறகு வந்தது.

ரேடியோப் பெட்டி, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்த நண்பனுடையது. பேட்டரி செல் தளர்ந்தால் வெயிலில் காயவைத்துப் போடுவோம். அன்று வெயில் இல்லை. சத்தம் முனகலாக வந்தது. எழுதும் பழக்கம் இருந்ததால், பெட்டியில் காதை வைத்துக் கேட்டதைச் சொல்வது என் வேலை.

“என்னடே சொல்லுதான்?” என்றான் தோணிக்கார நண்பன்.

பாதிதான் கேட்டது. மீதியை நானே நிரப்பினேன். நாட்குறிப்பில் இருக்கும் வரி அதுதான். அரசாங்க வானொலி அப்படிக் கேட்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆளாளுக்கு நானும் வாரேன் என்றோம். வராதவன் சேலை கட்டிக்கொண்டு கருவாடு விற்கப் போகலாம் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அதன்பின் பின்வாங்க யாருக்கும் வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து, வடக்கே வேம்பார்க் கரையிலிருந்து வள்ளம் என்று முடிவாயிற்று. அந்த நாள் வந்தபோது ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவனுக்கு அக்காவின் நிச்சயதார்த்தம். மூன்றாமவன் காரணமே சொல்லவில்லை. நான் காலையில் முதல் பஸ்ஸிலேயே வேம்பாருக்குப் போனேன், பை எடுக்காமல். தோணிக்கார நண்பன் என் வெறுங்கையைத்தான் முதலில் பார்த்தான்.

“நீயும் வரலியோ?”

அந்த வரியை வானொலி சொல்லவில்லை, நான் சேர்த்தது, வீட்டுக்குப் போவோம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

“தெரியும்டே. கொழும்புக்குப் போயிட்டு வாரவன் நான். அந்த ரேடியோ என்ன சொல்லும், என்ன சொல்லாதுன்னு எனக்குத் தெரியாதா? நாலு பேரும் வாரோம்னியளே, அதைத்தான்டே நம்புனேன்.”

வள்ளக்காரர் அவசரப்படுத்தினார். எத்தனை பேர் என்று அவர் கேட்டதற்கு, என் வெறுங்கையை மறுபடி பார்த்துவிட்டு, ஒருவன் என்றான். திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். ரேடியோவை என் கையில் கொடுத்தான்.

“செல்ல வெயில்ல போட்டு வையி. வந்து கேக்கேன்.”

இரண்டு வருடம் கழித்து, அக்கரையில் மன்னாரில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் தூத்துக்குடிப் பேச்சு பேசும் ஒருவனைப் பார்த்ததாக ஒரு தோணிக்காரர் சொன்னார். கடையின் பெயரோ மாதமோ அவருக்கு நினைவில்லை. தெரிந்தவர்கள் மூலம் இரண்டு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. இன்றும் எதை எழுதினாலும், காதால் கேட்டதை மையிலும் நானாகச் சேர்த்ததைப் பென்சிலிலும் எழுதுகிறேன். மன்னாரில் இருந்தது அவன்தான் என்ற வரி மட்டும், உறுதி செய்யப்படாமல், இன்னும் பென்சிலிலேயே இருக்கிறது.