மலிவுச் சீவுளி

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில், கதவும் ஜன்னலும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில் எனக்குக் கூட்டுகிற வேலை. எழுபதுகளின் கடைசி. ஊரில் நான் தச்சன். அதைச் சொல்ல எனக்கு அவர்கள் பாஷை போதாது. காற்றில் சீவிக் காட்டினேன். பட்டறைத் தலைவருக்கு விளங்கியது. அவரை எல்லோரும் மைஸ்டர் என்பார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு வேலை மேசை வெறுமையானது. அதில் வேலை செய்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மைஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை உன்ர சீவுளியோட வா. ஒரு பலகை சீவு. பார்க்கிறன்."

அவர் சொன்னதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். நன்றாகச் சீவினால் அந்த மேசை எனக்கு. இல்லாவிட்டால் விளக்குமாறுதான்.

என்னிடம் சீவுளி இல்லை. சனிக்கிழமை ஆற்றோரம் பழைய சாமான் விற்கிற இடத்துக்குப் போனேன். இரும்புச் சீவுளி ஒன்று கிடந்தது. அடி முழுக்கத் துரு. பிடி வெடித்திருந்தது. அதைச் செய்த கம்பனி இரண்டு வகை செய்யும். தச்சருக்கு ஒன்று. வீட்டில் எப்போதாவது கதவு சீவுகிறவருக்கு மலிவாக இன்னொன்று. இது மலிவு வகை. வாங்கினேன்.

அறையில் என்னோடு இருந்த அண்ணை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். துணியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பார்த்தார்.

"என்னடாப்பா, பிள்ளையே தூக்கிக்கொண்டு வாறாய்?"

"சீவுளி அண்ணை."

பிரித்துப் பார்த்தார். "உதோ? நான் பழைய ஸ்திரிக்கைப் பெட்டி எண்டெல்லோ நினைச்சன். உதால மரத்தைச் சீவ ஏலாது. வேணுமெண்டால் சேட்டு மினுக்கு."

ஆனாலும் சமையலறையிலிருந்து ஒரு போத்தல் வினாகிரி கொண்டுவந்து தந்தார். கழற்றி ஊறப்போட்டேன். துரு விட்டது.

கழற்றிய பிறகுதான் அந்தச் சாமானைச் சரியாகப் பார்த்தேன். பிடி மலிவு மரம், மேலே சாயம். அலகை அழுத்துகிற மூடி வெறும் தகடு. அலகு சாய்கிற இரும்பை அரம் போட்டு மட்டப்படுத்தவில்லை, வார்த்தபடியே விட்டிருந்தார்கள். அலகு மட்டும் நல்ல உருக்கு. கல்லில் வைத்ததும் கைக்குத் தெரிந்தது. செலவைக் குறைத்தவனுக்கு எங்கே குறைக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த மனிதனைப் பிடித்துவிட்டது.

பிடியைப் பசை வைத்து இறுக்கினேன். பிறகு அடி. ஜன்னல் விளிம்பு வழுவழுப்பான கல். அதில் மணல்தாளை விரித்து, அடியில் பென்சிலால் கோடு போட்டுத் தேய்த்தேன். கோடு முழுக்க அழியும் வரை தேய்த்தால் அடி மட்டம். ஞாயிறு காலை அழிந்தது. அலகைப் போட்டுத் திருகை இறுக்கினேன். சீவுளியின் அடியில் இரும்பு அடிமட்டக் கோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

விசர் வந்தது. திரும்பக் கழற்றினேன். வெளிச்சம் இல்லை. பூட்டினேன். வெளிச்சம்.

ஊரில் எனக்கு மரச் சீவுளிதான் பழக்கம். கட்டை மரம் வளையாது. இது மெல்லிய இரும்பு. திருகு இறுகினால் வளைகிறது. அப்படியென்றால் வளைந்தபடியே தேய்க்க வேண்டும். அலகைப் பூட்டி, நுனியை மட்டும் உள்ளே இழுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

"இன்னும் முடியேல்லையே? உது தேய்ஞ்சு கரண்டியாகப் போகுது," என்றார் அண்ணை.

திங்கட்கிழமை மைஸ்டர் மேசையில் ஒரு பலகையை இறுக்கித் தந்தார். தள்ளினேன். சீவுளி துள்ளியது. பலகை கீறுப்பட்டது. மேசை அவர்கள் உயரத்துக்குச் செய்தது. என் முழங்கை மேலே நின்றது, பாரம் இறங்கவில்லை. இன்னொரு தரம். அதே துள்ளல்.

நான் யோசிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன். பலகையை எடுத்து நிலத்தில் வைத்து, பக்கத்தில் குந்தினேன். காலால் பிடித்துக்கொண்டு சீவினேன். ஊரில் அப்படித்தான் செய்வோம். சுருள் வந்தது.

"சர்க்கஸ் வந்திருக்கு!" என்று ஒருவன் கத்தினான்.

"இப்ப கால்விரலும் சுருளாய் வரும்," என்றான் மற்றவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மைஸ்டர் சிரிக்கவில்லை. "சப்பாத்தைப் போடு," என்றார். "நிலத்தில வேலை செய்ய விடமாட்டன்."

முடிந்தது என்று நினைத்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழும்பினேன். அவர் என்னை மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். கையைத் தொங்கவிடச் சொன்னார். என் மணிக்கட்டையும் மேசையையும் பார்த்தார். போய் இரண்டு தடித்த பலகை கொண்டுவந்து என் காலடியில் போட்டார். திரும்பப் பார்த்தார். இன்னுமொன்று போட்டார். பட்டறைக்கே தலைவர் அவர். குனிந்து அந்தப் பலகைகளை ஆடாமல் ஆணி அடித்தார்.

ஏறி நின்று தள்ளினேன். பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சுருள். சத்தம்கூட மாறிவிட்டது.

மைஸ்டர் சுருளை எடுக்கவில்லை. சீவுளியை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தார்.

"மலிவுச் சாமான்."

"ஓம்."

"அலகைப் பூட்டிக்கொண்டோ தேய்ச்சனி?"

"ஓம்."

தலையை ஆட்டினார். உள்ளே போய் ஒரு ஜன்னல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். மேல்பக்கம் இறுக்கம், சீவ வேண்டும், மத்தியானத்துக்குள் முடி என்றார். நான் சட்டத்தை மேசையோடு இறுக்கினேன்.