கேரம் போர்டை ஊதிய காலம்

போன வாரம் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "லீவுக்கு மச்சான் குடும்பம் வருது மேடம். பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சேந்து வெளாடுற மாரி என்ன கேம் வாங்கலாம்? நீங்கதான் லிஸ்ட்டு போடுற ஆளாச்சே."

உண்மைதான். மளிகைக்குப் பட்டியல் போடுவேன். போட வேண்டிய பட்டியல்களுக்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பேன். கேட்டதும் ஒரு தாளை இழுத்துப் போட்டு எழுதினேன்: சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, பாம்பு ஏணி, பிஸினஸ். அவர் எட்டிப் பார்த்து, "கேரம் போர்டை வுட்டுட்டீங்களே" என்றார். அதையும் எழுதினேன். பக்கத்திலேயே 'பவுடர் ஒரு டப்பா' என்று எழுதியிருக்க வேண்டும். போர்டு வாங்குகிறவருக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் எழுதவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பவுடர்தான் என் பிழைப்பு. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்துவிட்டு, இதே ஊரில் பீங்கான் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் மூலப்பொருள் சோதனை பார்க்கிறேன். வருகிற பொடி எவ்வளவு நைஸாக இருக்கிறது என்று சலித்துச் சொல்வது என் வேலை. முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டுக்கொண்டுதான் சல்லடையைத் தொடுவேன். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் வீட்டுக் கேரம் போர்டு அப்பா யாரிடமோ பழையதாக வாங்கி வந்தது. ஒரு மூலை சற்றே தாழ்ந்திருக்கும், அதற்கு அடியில் தீப்பெட்டி அட்டை. காய் ஒன்று தொலைந்ததும், அதே அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லையை அம்மா கம்பெனியிலிருந்து கொண்டு வந்து சேர்த்தாள். அது மற்றக் காய்களைவிடக் கனம். எதன் மேல் பட்டாலும் தான் நகராமல் மற்றதைத் தள்ளிவிடும். அதற்குத் தம்பி குமரன் 'ஹெட்மாஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தான்.

சர்க்கரை ஆலை ஓடுகிற மாதங்களில் அப்பா டிராக்டரில் கரும்பேற்றிக்கொண்டு பெண்ணாடம் போய் வரிசையில் கிடப்பார். அப்போதெல்லாம் நான்காவது ஆள் அடுத்த வீட்டு ரோசி அக்கா. அம்மாவும் ரோசி அக்காவும் ஒரே கம்பெனியில், ஒரே மேசையில், எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஃப்யூஸ் கட்டை மாதிரியான வெள்ளைச் சாமான்களைச் சூளைக்கு அனுப்பும் முன், காய்ந்த நிலையில், ஓரத்துப் பிசிறைச் சுரண்டி உப்புத்தாளால் தேய்க்கிற வேலை. பினிஷிங் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அதே இருவரும் எங்கள் வீட்டுத் தரையில், போர்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சம்மணமிட்டு உட்காருவார்கள். எதிரெதிரே உட்காருகிறவர்கள்தான் ஜோடி என்ற விதியெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் அம்மா கட்சி. குமரன் ரோசி அக்கா கட்சி.

அம்மா நன்றாக ஆடுவாள். ஆனால் அவள் ஜெயித்ததில் பாதி வாயால் ஜெயித்தது. ரோசி அக்கா ஸ்ட்ரைக்கரை இப்படியும் அப்படியும் நகர்த்திக் குறி பார்த்தால் போதும்.

"என்னடி ரோசி, செபம் பண்றியா? பண்ணு, பண்ணு. முடிச்சிட்டுச் சொல்லு, நாங்க எந்திரிச்சி நிக்கிறோம்."

"ஒன் வாய அடக்கச் சொல்லித்தான்க்கா செபமே. அது ஒன்னுதான் கேக்க மாட்டேங்குது."

குமரன் கோணலாக அடித்தால், "பாக்கெட்டு இங்க இருக்குது, நீ பெண்ணாடத்துக்குக் குறி வைக்கிற. ஒங்கப்பனப் பாக்கப் போறியா?" என்பாள். கூட்டாளி என்று எனக்கும் சலுகை கிடையாது. "ஏண்டி, காயிதானே அது, கடிக்கவா போவுது? ஏன் பயந்து பயந்து தட்டுற?" பிள்ளைகள்தானே என்று அவள் ஒரு காயைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயைப் போட முடியாமல் குமரன் அழுத நாளில், மூக்கைத் துடைத்துவிட்டாள். துடைத்த கையாலேயே ரெட்டை எடுத்து நடுவில் திரும்ப வைத்தாள்.

இனி அந்தப் பவுடர். எங்கள் தெருவில் யாரும் கேரம் பவுடரைக் கடையில் வாங்கியதில்லை. தெருவில் பாதிப் பேர் பீங்கான் கம்பெனிக்குப் போகிறவர்கள். வெள்ளைப் பொடிக்குக் காசு கொடுப்பதா? அதிலும் ஒரு தரம் பார்ப்பார்கள். சாக்கில் வருகிற மாவு நறநறவென்று இருக்கும், ஸ்ட்ரைக்கர் இழுக்கும், ஆகாது. பினிஷிங் மேசைக்கு மேலே, உயரத்தில், ஜன்னல் விளிம்பில் தானாகப் படிந்திருக்கிற மாவுதான் உசத்தி. விரலில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. அம்மா ஸ்டூலில் ஏறி அதை அட்டையால் வழித்து, காலிப் பவுடர் டப்பாவில் போட்டுக் கொண்டு வருவாள். தட்டினால் புகை மாதிரி இறங்கும். அதன் மேல் ஹெட்மாஸ்டரே ஓடுவார்.

நீங்கள் கேரம் ஆடியிருந்தால் தெரியும், நாலு ஆட்டம் போனால் ஓரங்களில் பவுடர் சேர்ந்துவிடும். துணியால் துடைத்தால் மொத்தமும் போய்விடும் என்று நாங்கள் ஊதுவோம். நான்கு பேரும் நான்கு பக்கமும் முகத்தைப் பலகைக்குத் தாழ்த்தி, அம்மா "ஊது" என்றதும் ஒன்றாக ஊதுவோம். மூச்சு தீர்ந்ததும் அங்கேயே, முகத்தை எடுக்காமலே, அடுத்த மூச்சை இழுப்போம். நிமிரும்போது குமரனின் இமை மயிரெல்லாம் வெள்ளை. அவனைப் பார்த்து நாங்கள் சிரிப்போம், எங்களைப் பார்த்து அவன் சிரிப்பான். ஒரு பள்ளித் தோழி வீட்டில் கடைப் பவுடரைப் பார்த்தபோது, பாவம், இவர்களுக்கு நல்ல மாவு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டவள் நான்.

டிப்ளமா இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, பொடியைக் கலக்கி வைத்துக் காட்டினார்கள். பெரிய துகள் முதலில் இறங்கியது, சின்னது பிறகு. ரொம்பச் சின்னது இறங்கவே இல்லை, வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. "காத்துலயும் இதேதான்" என்றார் ஆசிரியர். "கண்ணுக்குத் தெரியிற தூசி மூக்குல நின்னுடும். நைஸா மெதக்குது பாருங்க, அது நுரையீரல் வரைக்கும் போயி அங்கயே தங்கிடும்." நான் அதை அழகாக எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். ஜன்னல் விளிம்பு நினைவுக்கு வந்தது வீட்டுக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டு வரும்போதுதான்.

வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். வேலையில் முகத்தில் துணி கட்டச் சொன்னேன்.

"துணி கட்டிக்கிட்டு எப்பிடிடி பேசுறது? பேசாம ஒக்காந்து சொரண்டுனா பைத்தியம் புடிச்சிடும்."

"நீ கட்டுக்கா. எங்களுக்குக் கொஞ்சம் லீவு வுட்ட மாரி இருக்கும்" என்றார் ரோசி அக்கா.

சில நாள் கட்டினாள். பிறகு அது கழுத்தில் தொங்கியது. ஜன்னல் மாவு கொண்டு வருவதை மட்டும் நிறுத்தினாள், பவுடர் இல்லாமலே ஆடினோம். அம்மாவும் ரோசி அக்காவும் அதற்குப் பல வருடம் முன்பே அந்த மேசைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

நோய் எங்களுக்குக் கேரமில்தான் முதலில் தெரிந்தது, தெரிந்ததாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கேலிகள் சுருங்கின. நீளமாக இழுத்துச் சொன்னதெல்லாம் பாதியில் நின்றது. "செபமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். வயதாகிறது, வாய் அடங்குகிறது என்று ரோசி அக்கா கிண்டல் செய்தார். அப்புறம் ஒரு நாள் அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சளி என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள், மாத்திரை மாற்றினார்கள். கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிப் பேசாமல், "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. "இது திரும்பிச் சரியாகாதும்மா. இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம்" என்றார்.

அம்மா தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "புள்ளைங்களும் ஊதுச்சுங்க சார்" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் கேரம் போர்டை விளக்கினேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் நிதானமாகச் சொன்னார்: நாள் முழுக்க, வருடக்கணக்காக அந்தத் தூசியில் உட்காருவது வேறு, ஞாயிற்றுக்கிழமை விளையாடினது வேறு, பயப்பட வேண்டாம். எனக்கும் குமரனுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இருவருக்கும் சுத்தம். பஸ்ஸில் வரும்போது அந்த ஃபிலிமை நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விலா எலும்பு ஒவ்வொன்றாக அம்மாவுக்குக் காட்டினேன்.

"இப்பத் தெரியாதாம்ல" என்றாள் அம்மா.

"யாரு சொன்னா?"

"நீதானே சொன்ன. உள்ள போயி ஒக்காந்துகிட்டு, ரொம்ப வருசம் கழிச்சித்தான் காட்டும்னு. எனக்கும் அப்பிடித்தானே காட்டுச்சி."

சொன்னது நான்தான். ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தபோது, பாடம் நடத்துகிற மாதிரி, வரிசைப்படுத்திச் சொல்லியிருந்தேன். அளவு, காலம், வாய்ப்பு என்று இப்போது மறுபடியும் விளக்கினேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஊருக்குள் பஸ் நுழையும்போது குமரன் ஒருமுறை தும்மினான். அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

கேரம் போர்டு பரணுக்குப் போனது. அம்மா சொல்லி அப்பாதான் ஈரத்துணியால் துடைத்து ஏற்றினார். அதற்குப் பதிலாகச் சீட்டு வந்தது. ரம்மிக்கு அம்மாவுக்குப் பொறுமை இல்லை, கழுதைதான். கையில் இருப்பதை முதலில் தீர்க்கிறவர் தப்பித்தார், கடைசியாகச் சீட்டோடு நிற்கிறவர் கழுதை. முன்பெல்லாம் அம்மா கழுதையானதாக எனக்கு ஞாபகமே இல்லை. இப்போது அடிக்கடி ஆனாள். காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. அவள் சீட்டைப் பார்ப்பதில்லை. நாங்கள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குமரன் தொண்டையைச் செருமினால், வைத்திருந்த நல்ல சீட்டைத் தவறுதலாக இறக்கிவிடுவாள். தாயக்கட்டைக்கு மாறினோம், அதிலும் அதேதான்.

ரோசி அக்காவுக்கு ஒன்றும் இல்லை. சோதனையும் செய்து பார்த்தாகிவிட்டது. அதே மேசை, அதே ஜன்னல். ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்தி, "எனக்கு ஏன் வரலன்னு தெரியலம்மா" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். எனக்கும் தெரியவில்லை. உடம்புக்கு உடம்பு மாறும் என்று ஏதோ சொன்னேன். அது விளக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சிக்கு ஒரு சாமான் கொடுத்திருந்தார்கள். மூன்று கண்ணாடி அறை, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். அம்மாவுக்கு முதல் பந்து ஏறும், இரண்டாவது பாதியில் ஆடிவிட்டு இறங்கும். அவளை உற்சாகப்படுத்தத்தான் குமரன், "இதுவும் கேம்தான்மா. லெவல் ஒன்னு, லெவல் ரெண்டு" என்று தனக்கென்று ஒரு குழாய் வாங்கி மாட்டி இழுத்தான். மூன்று பந்தும் டக்கென்று மேலே போய் ஒட்டிக்கொண்டன. கண்ணை உருட்டிக்கொண்டு அப்படியே பிடித்து நின்றான்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ரெட்டையும் ஃபாலோவையும் ஒரே அடியில் போட்டால் வருகிற முகம்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிஞ்சிய ஆட்டம் அதுதான். வேலை முடிந்து வந்ததும், டீ குடிக்கும் முன், ஆளுக்கொரு குழாய். குமரன், நான், சில நாள் அப்பா. கடைசியில் அம்மா. யாருக்கும் ஒரு காயை விட்டுக்கொடுக்காதவள், தினமும் தோற்றுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவாள். எக்ஸ்ரே ஃபிலிம் செய்ய முடியாததை மூன்று பிளாஸ்டிக் பந்துகள் செய்தன. ஒரு சாயங்காலத்துக்கு மட்டும். மறுநாள் மறுபடியும் காட்ட வேண்டும்.

சென்ற மாதம் எனக்குச் சளி பிடித்திருந்தது. இழுத்தேன். இரண்டு பந்து ஏறியது. மூன்றாவது அடியில் நடுங்கிவிட்டு அங்கேயே நின்றது. மூக்கு அடைத்திருக்கிறது, தொண்டை வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. எனக்குத் தெரியும். "சளிம்மா" என்றேன். மறுபடி இழுத்தேன், இருமல்தான் வந்தது.

"இவளுக்கு ரெண்டு பந்துக்குத்தான் பணம் கட்டியிருக்குது போல" என்று குமரன் அவசரமாக ஒரு கேலியை எடுத்து விட்டான். அம்மா அந்த மூன்றாவது பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு கையை நீட்டி அந்தச் சாமானை வாங்கினாள். முந்தானையால் குழாயைத் துடைத்தாள். "ஆவி புடி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "நாளைக்கி இழுக்கலாம்" என்றாள்.

முன்பென்றால் இப்படி ஒரு தோல்வியை அவள் சும்மா விட்டிருப்பாளா? சுவருக்கு அந்தப் பக்கம் ரோசி அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள். டிப்ளமாவுக்கு இவ்வளவுதான் மூச்சா என்று கேட்டிருப்பாள். சாப்பிடும்போது அதை மறுபடி ஒருமுறை பேச்சில் இழுத்திருப்பாள். அப்படி ஏதாவது ஒரு கேலி வரும் என்று அவள் எதிரில் உட்கார்ந்தே இருந்தேன். டீ ஆறிப்போயிற்று.